எதிர்ப்புச் சக்தி குறையவில்லை, களைத்துவிட்டது

புறக்கோட்டை கபோஸ் லேனில் ஆயுர்வேதச் சரக்குக் கடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. வேர், பட்டை, காய்ந்த இலை என்று சாக்குகளில் கிடப்பவற்றுக்கு நடுவே இப்போது அழகான லேபல் ஒட்டிய போத்தல்களையும் காணலாம். எல்லாவற்றிலும் ஒரே வாக்குறுதிதான்: நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும். வன்னியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஆளைக் கூட்டிவந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பவர்கள் ஊருக்குத் திரும்ப முன்னர் இப்படி ஒரு போத்தலையும் வாங்கிக்கொள்வது புதினமல்ல. "உடம்பில எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிட்டுது, அதைக் கூட்டினால் வருத்தம் போயிடும்" என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கு எங்கே பிழைக்கிறது என்பதைக் கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. நீண்டகால வைரஸ் தொற்றிலும் புற்றுநோயிலும் எதிர்ப்புக் கலங்கள் பெரும்பாலும் இருக்கவே செய்கின்றன. இரத்தப் பரிசோதனையில் வெண்கலங்களின் எண்ணிக்கைகூடச் சரியாக இருக்கலாம். ஆனால் நோயை எதிர்கொள்ள வேண்டிய அந்தக் குறிப்பிட்ட கலங்கள் வேலை செய்வதில்லை. விஞ்ஞானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயரே களைப்பு என்பதுதான்.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. இது நாம் உணரும் உடற்களைப்போ மனச்சோர்வோ அல்ல. போர்க்காலத்து மனஅழுத்தம்தான் இந்தக் கலங்களைக் களைக்க வைத்தது என்று சொல்ல இந்த ஆய்வுகளில் இடமில்லை. அப்படி எழுதினால் எங்கள் வாசகர்களின் மனதை அது தொடும், ஆனால் உண்மையாகாது. அதேபோல் இந்தக் கலங்களைப் படைவீரர்கள், காவலரண், முற்றுகை என்ற சொற்களால் விளக்கும் வழக்கத்தையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். அந்தச் சொற்களைக் கேட்க வேண்டிய அளவுக்கு மேலேயே நாங்கள் கேட்டுவிட்டோம்.

வெண்குருதிக் கலங்களில் ஒரு வகை ரி கலங்கள். எலும்பு மச்சையில் பிறந்து, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சியடைவதால் அந்தப் பெயர். இவற்றில் ஒரு பிரிவு, வைரஸ் புகுந்த கலத்தையோ புற்றுநோய்க் கலத்தையோ தொட்டு அடையாளம் கண்டு அழிக்கும். சாதாரணத் தடிமன் காய்ச்சலில் என்ன நடக்கிறது என்று பார்த்தால், வைரஸை அடையாளம் காணும் சில நூறு ரி கலங்கள் ஒரு வாரத்துக்குள் இலட்சக்கணக்கில் பெருகுகின்றன. வைரஸ் ஒழிந்ததும் பெரும்பாலானவை மடிந்து, சில நினைவுக் கலங்களாக எஞ்சுகின்றன. தடுப்பூசி வேலை செய்வதும் இந்த நினைவினால்தான்.

வைரஸ் ஒழியாவிட்டால்? அந்தக் கேள்விக்கு விடை சுண்டெலிகளில் கிடைத்தது. எல்.சி.எம்.வி. என்ற எலி வைரஸில் இரண்டு வகைகளை ஆய்வுகூடங்கள் பயன்படுத்துகின்றன. ஆம்ஸ்ட்ரோங் என்பதை எலியின் உடல் ஒரு வாரமளவில் துடைத்துவிடும். குளோன் 13 என்பது மாதக்கணக்கில் தங்கிவிடும். இரண்டுக்குமிடையே மரபணு வேறுபாடு மிகச் சிறியது. 1993இல் சூரிச்சில் ரொல்ஃப் சிங்கர்நாகலின் குழுவினர், வைரஸ் அளவுக்கு மிஞ்சிப் பெருகும்போது அதை எதிர்த்த ரி கலங்கள் இல்லாமலே போய்விடுவதைக் கண்டார்கள். 1998இல் ரஃபி அஹமட்டின் குழு இன்னும் விசித்திரமான ஒன்றைக் காட்டியது: கலங்கள் அங்கேயே இருக்கின்றன, வைரஸை அடையாளமும் காண்கின்றன, ஆனால் ஒன்றும் செய்வதில்லை. அஹமட் ஹைதராபாத்தில் பிறந்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவின் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவர்.

ஏன் ஒன்றும் செய்வதில்லை? அந்தக் கலங்களின் மேற்பரப்பில் பி.டி-1 என்ற புரதம் நிறைந்திருந்தது. 1992இல் ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹொன்ஜோவின் ஆய்வுகூடத்தில் கண்டறியப்பட்ட புரதம் அது. வேலை முடிந்த ரி கலத்தை அடக்குவதற்கான பிரேக் அது என்பது பின்னர்தான் விளங்கியது. 2006இல் அஹமட்டின் குழு, குளோன் 13 தொற்றிய எலிகளில் அந்தப் பிரேக்கை ஒரு பிறபொருளெதிரியால் மறித்தபோது, ஓய்ந்து கிடந்த கலங்கள் மீண்டும் வேலையைத் தொடங்கின, வைரஸின் அளவு குறைந்தது. இன்று மருத்துவமனைகளில் இலட்சக்கணக்கான ரூபாவுக்கு ஏற்றப்படும் புற்றுநோய் ஊசிகளுக்குப் பின்னால் இந்த எலிகளும் இருக்கின்றன.

இதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. பிரேக்கை அழுத்தும் மறுபக்கப் புரதம் பிறவியிலேயே இல்லாத எலிகளுக்கு குளோன் 13 கொடுத்தபோது அவை இறந்துபோயின. கொன்றது கட்டுப்பாடில்லாமல் வேலை செய்த எலியின் சொந்த ரி கலங்கள்தான். ஒழிக்க முடியாத ஒன்றோடு ஓயாமல் மோதினால் ஈரலும் நுரையீரலும் தாங்காது. ஆகவே களைப்பு என்பது உடல் தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் ஒரு முடிவும்கூட. "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டு" என்று போத்தலில் எழுதுபவர்கள் இதை யோசிப்பதில்லை. கூட்டுவது எப்போதும் நல்லதென்று யார் சொன்னது?

பிரேக் மட்டும்தான் காரணம் என்றால் கதை சுலபமாக முடிந்திருக்கும். அதற்கடியில் எரிபொருள் பிரச்சினை ஒன்று இருக்கிறது.

ஓய்விலிருக்கும் ரி கலம் சிக்கனமானது. தன் இழைமணிகளில், அதாவது பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் கலத்தின் சக்தி நிலையம் என்று படித்தோமே அதில், ஒட்சிசனைப் பயன்படுத்திக் கொழுப்பையும் குளுக்கோஸையும் மெதுவாக எரிக்கும். வைரஸைக் கண்டு விழித்ததும் அது சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிய வேண்டியிருக்கிறது. அப்போது குளுக்கோஸை அள்ளிக் குடித்து, அவசர அவசரமாக உடைத்துப் பயன்படுத்துகிறது. கல்யாண வீட்டில் காஸ் அடுப்பு போதாதென்று முற்றத்தில் விறகு அடுப்பு மூட்டுவதைப் போல. கூடவே புதிய இழைமணிகளையும் கட்டிக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் நீடிக்க முடியாது.

2016இல் இரண்டு ஆய்வுகள் ஏறத்தாழ ஒரே இடத்தைத் தொட்டன. பிலடெல்பியாவில் ஜோன் வெரியின் குழு நீண்டகால வைரஸ் தொற்றை ஆராய்ந்தது. பிட்ஸ்பேர்க்கில் கிரெக் டெல்கோஃபின் குழு புற்றுநோய்க் கட்டியை ஆராய்ந்தது. புதிய இழைமணிகளைக் கட்டும் வேலையை மேற்பார்வை செய்கின்ற பி.ஜி.சி-1 அல்ஃபா என்ற புரதம் களைத்த ரி கலங்களில் குறைந்திருப்பதை இரு தரப்பும் கண்டன. வைரஸ் ஆய்வில் இந்தச் சக்திக் குறைபாடு தொற்றின் முதல் வாரங்களிலேயே, கலம் முழுதாக ஓய்ந்துபோவதற்கு முன்பே, தென்பட்டது. பி.டி-1 பிரேக் வேலையை நிறுத்துவதோடு நிற்காமல் சமையலறையையும் பூட்டிவிடுகிறது. அந்தப் புரதத்தை மீண்டும் கூட்டிக் கொடுத்தபோது கலங்கள் ஓரளவு தேறின.

புற்றுநோய்க் கட்டிக்குள் நிலைமை இன்னும் மோசம். புற்றுநோய்க் கலங்கள் அளவுக்கு மீறிக் குளுக்கோஸ் உண்பதை ஜேர்மனியில் ஒட்டோ வார்பேர்க் 1920களிலேயே கவனித்திருந்தார். உள்ளே வரும் ரி கலத்துக்கு மிஞ்சுவது கொஞ்சக் குளுக்கோஸ், குறைந்த ஒட்சிசன், நிறைய இலக்டிக் அமிலம். 2021இல் டெல்கோஃபின் குழு காட்டியது இதுதான்: ஓயாத தூண்டலும் ஒட்சிசன் குறைவும் ஒன்றாகச் சேரும்போது, பழுதான இழைமணிகளிலிருந்து கசியும் நச்சு ஒட்சிசன் மூலகங்கள் ரி கலத்தைத் திரும்பிவர முடியாத களைப்புக்குள் தள்ளிவிடுகின்றன.

இந்த இடத்தில் ஒரு தவறான முடிவு காத்திருக்கிறது, அதனால் வரும் கேடு சிறியதல்ல. "புற்றுநோய் சீனி தின்னும், ஆகவே சீனியையும் சோற்றையும் நிறுத்தினால் அது பட்டினி கிடந்து சாகும்" என்று வட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரத்தத்தில் குளுக்கோஸ் அளவை ஈரல் காத்துக்கொண்டே இருக்கும். நாம் சாப்பிடாவிட்டால் தசையை உடைத்தாவது குளுக்கோஸ் தயாரிக்கும். கட்டி தன் பங்கை எடுத்துவிடும். ரி கலத்துக்கும் அதே குளுக்கோஸ்தான் வேண்டும். வாய்ப்புற்றுநோயாளி ஏற்கெனவே விழுங்க முடியாமல் மெலிந்திருப்பார். அவருடைய கஞ்சியையும் பழச்சாற்றையும் பறிப்பது சிகிச்சையைத் தாங்கும் பலத்தைப் பறிப்பதாகும். நீரிழிவு உள்ளவர்கள் தம் வைத்தியர் சொன்ன அளவைப் பின்பற்றட்டும். மற்றவர்களுக்கு உடல் நிறை குறையாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

நீண்டகால வைரஸ் தொற்று என்றால் எங்கள் பகுதியில் முதலில் நினைவுக்கு வரவேண்டியது ஈரலழற்சி பி. 2022இல் உலகில் 25 கோடியே 40 இலட்சம் பேர் இதோடு வாழ்ந்தார்கள் என்றும், அந்த ஆண்டில் 11 இலட்சம் பேர் இதனால் இறந்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. தொற்றிய ஈரல் கலங்கள் வைரஸின் மேலுறைப் புரதத்தை இரத்தத்துக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். அதை ஓயாமல் பார்த்துப் பார்த்தே ரி கலங்கள் களைக்கின்றன. வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே அது நிரந்தரமாகும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் சுமார் தொண்ணூறு பேருக்கு நிரந்தரமாகிவிடும்.

செங்கண்மாரிக்குக் கீழாநெல்லி என்பது யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கீழாநெல்லி ஒருமுறை உலக மருத்துவத்தின் வாசல்வரை போயிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பேர்க்குடன் சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிரந்தரத் தொற்றுள்ள 37 பேருக்கு முப்பது நாட்கள் கீழாநெல்லித் தூள் கொடுத்ததில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்றுமருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நடந்தது. பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பின்னர் செய்த பரிசோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. சென்னை ஆய்வாளர்கள் முறையாகப் பரிசோதித்தார்கள். பிறர் முறையாகத் திரும்பப் பரிசோதித்தார்கள். விடை வேறாக வந்தது. விஞ்ஞானம் நடக்கும் வழி அதுதான். என் கோபம், 1988இன் செய்தியை மட்டும் லேபலில் போட்டு, அதற்குப் பின் நடந்ததை மறைத்து விற்பவர்கள்மீது.

இன்று ஈரலழற்சி பிக்கு டெனோபோவிர், என்டெகாவிர் என்ற மாத்திரைகள் இருக்கின்றன. வைரஸை முற்றாக அகற்றுவது அரிது, ஆனால் அடக்கி வைத்து ஈரல் சுருக்கத்தையும் ஈரல் புற்றுநோயையும் வெகுவாகக் குறைக்கும். இலங்கையில் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது 2003இல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்களில், அதாவது போர்க்காலத்துப் பிள்ளைகளில், பெரும்பாலானோருக்கு அது சிறு வயதில் கிடைத்திருக்காது. நெருக்கடியான நிலைமைகளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், இரத்தம் ஏற்றப்பட்டவர்கள், வீட்டில் யாருக்காவது இந்தத் தொற்று உள்ளவர்கள் ஒருமுறையாவது மேலுறைப் புரதப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சாதாரண இரத்தப் பரிசோதனைதான்.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். ரி கலங்களின் பிரேக்கை மறிக்கும் முதல் மருந்தான இபிலிமுமாப் 2011இலும், பி.டி-1ஐ மறிக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை 2014இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2018இல் ஹொன்ஜோவுக்கும் ஜேம்ஸ் அலிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முன்பு சில மாதங்களே வாழ்ந்திருக்கக்கூடிய சிலர் இன்று பத்தாண்டு கடந்தும் வாழ்கிறார்கள். ஆனால் பலருக்கு ஊசி வேலை செய்வதேயில்லை. அதற்கும் களைப்பின் ஆழம்தான் ஒரு காரணம். முழுதாக ஓய்ந்த கலத்தை இந்த மருந்து மீட்பதில்லை. நிணநீர்க் கணுக்களில் பதுங்கியிருக்கும், இன்னும் பிரியக்கூடிய சிறிய ரி கலக் கூட்டம் ஒன்றையே அது பெருக்குகிறது என்று 2016இல் அஹமட்டின் குழு காட்டியது. அந்தக் கூட்டம் இல்லாதவரிடம் பிரேக்கை எடுத்துப் பயனில்லை.

இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் புறக்கோட்டையிலிருந்து மூட்டை மூட்டையாக ஊர்களுக்குப் போகின்றன. புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும் தனிப் பாக்கும்கூடப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே வகைப்படுத்திவிட்டது. "நான் புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குத்தான்" என்பது பாதுகாப்பல்ல.

இந்தப் புற்றுநோய் முற்றிய நிலையில் நிவோலுமாப் போன்ற ஊசிகள் பயன்தரும். விலைதான் தடை. காணியை ஈடு வைத்து, கனடாவிலும் சுவிஸிலும் உள்ள உறவுகளிடம் கையேந்தி வாங்க வேண்டிய மருந்து இது. அதனால்தான் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் விஜய் பட்டீல், குமார் பிரபாஷ் ஆகியோர் செய்த ஆய்வு எங்களுக்கு முக்கியம். வழமையான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். அவர்கள் கொடுத்தது மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்கு. கூடவே மெதோட்ரெக்சேட், செலிகொக்சிப், எர்லோடினிப் என்ற மூன்று மலிவான மாத்திரைகள். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் முற்றிய 151 பேர் சேர்க்கப்பட்டார்கள். மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டின் பின் உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதம், குறைந்த அளவு ஊசியும் பெற்றவர்களில் 43.4 சதவீதம். 2022 ஒக்டோபரில் முடிவுகள் வெளியாகின.

இவ்வளவு சிறிய அளவு எப்படிப் போதுமாகிறது? பி.டி-1 பிரேக்குகளில் பெரும்பகுதியை மூடிவிட மிகக் குறைந்த மருந்தே போதும் என்பது நிவோலுமாப்பின் தொடக்கப் பரிசோதனைகளிலேயே தெரிந்திருந்தது. அதற்கு மேல் ஏற்றுவதால் மூடப்படும் பிரேக்குகள் அதிகம் கூடுவதில்லை. ஆனால் மும்பை ஆய்வு முழு அளவோடு ஒப்பிட்டுச் செய்யப்பட்டதல்ல, ஒரே மருத்துவமனையில் நடந்தது, குணப்படுத்துவதாகவும் சொல்லவில்லை. நடு உயிர்வாழ்வு 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதமாகியது. இருந்தாலும் காணியை விற்க முடிவெடுப்பதற்கு முன், மஹரகமவிலோ தெல்லிப்பழையிலோ உங்களைப் பார்க்கும் புற்றுநோய் வைத்தியரிடம் "குறைந்த அளவு நிவோலுமாப் எங்கட ஆளுக்குப் பொருந்துமா?" என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

வாங்கும் இடமும் முக்கியம். 2024 மார்ச்சில் டெல்லிப் பொலிஸார் பிடித்த கும்பலொன்று, பாவித்த கீட்ரூடா, ஒப்டைட்டா குப்பிகளில் பூஞ்சண மருந்தை நிரப்பி விற்றிருந்தது. இலங்கையில் 2023இல் அரச வைத்தியசாலைகளுக்குப் போன மனித இம்யூனோகுளோபுலின் ஊசிகள் தரமற்றவை என்று தெரியவந்து, விசாரணையில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைதானார். "தெரிஞ்ச ஆள் இந்தியாவில இருந்து பாதி விலைக்குக் கொண்டுவாறார்" என்றால் சந்தேகப்படுங்கள். பில் வாங்குங்கள், தொகுதி இலக்கத்தைக் குறித்துவையுங்கள், குளிரில் வைத்துக் கொண்டுவரப்பட்டதா என்று கேளுங்கள்.

பிரேக்கை எடுத்த ரி கலம் புற்றுநோயோடு நின்றுவிடுவதில்லை. தைரொய்ட் சுரப்பி, குடல், நுரையீரல், ஈரல், அரிதாக இதயம் என்று நல்ல உறுப்புகளையும் தாக்கலாம். கடைசி ஊசி போட்டுச் சில மாதங்கள் கழிந்த பின்னும் இது நடக்கலாம். நிற்காத வயிற்றோட்டம், புதிதாக மூச்சு வாங்குதல், நெஞ்சு நோ, கண் மஞ்சளாதல் இருந்தால் ஊர் வைத்தியசாலைக்கே உடனே போய், இந்த ஊசி போட்டிருப்பதை முதல் வசனமாகச் சொல்ல வேண்டும். அங்குள்ள வைத்தியருக்கு அது தெரியாமல் சாதாரண வயிற்றோட்டமாக மருந்து கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது; நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஸ்டீரொய்ட் மருந்தால் அடக்கிவிடலாம். முதல் ஊசிக்கு முன்னரே இரண்டு விடயங்கள் கேட்டுச் செய்துகொள்ள வேண்டியவை: ஈரலழற்சி பி பரிசோதனை, பழைய காசநோய் இருந்ததா என்ற விசாரணை. உடம்புக்குள் அடங்கிக் கிடக்கும் இவை இரண்டும் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது மீண்டும் கிளம்பக்கூடியவை. முகாமில் இருந்தபோது காசநோய்க்கு மாத்திரை எடுத்தவர்கள் அந்தக் கிளினிக் அட்டை தொலைந்துபோயிருந்தாலும் வைத்தியரிடம் வாயால் சொல்லிவிடுங்கள்.